விரிவானம் என்னும் விருந்து

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது விரிவானப் பகுதி. உரைநடையும் செய்யுளும் இலக்கணமும் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும். விரிவானம் கதைக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும்.

'கோபல்லபுரத்து மக்கள்' பாடத்தைச் சொல்கிறேன். பசியால் களைத்துப்போன வழிப்போக்கன் ஒருவனை அன்னமய்யா காண்கிறான். பரிவோடு அழைத்துப்போய்ப் பசியாற்றுகிறான். நடப்பது அவ்வளவுதான். ஆனால் வெயிலும் புஞ்சையும் கஞ்சியும் கம்மஞ்சோறும் கரிசல்காட்டுப் பேச்சிலேயே வருகின்றன. விருந்தோம்பலைப் பற்றி எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறோம். அது ஒரு மனிதரின் வயிற்றில் தொடங்குகிறது என்பதை இந்தக் கதைதான் காட்டியது.

தமிழய்யா அதை வாய்விட்டு வாசித்தபோது, கடைசி பெஞ்சு வரை பேச்சு நின்றது. எங்கள் தாத்தா பேசும் மொழி பாடப்புத்தகத்தில் அச்சாகியிருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

தேர்வுக்கு இது 8 மதிப்பெண் நெடுவினா. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று பிரித்துப் படிக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ஒருமுறையாவது கேள்வி-பதிலை மறந்து, கதையாகவே வாசித்துவிட வேண்டும். கி. ராஜநாராயணனுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த நாவலின் சிறு பகுதிதான் பாடத்தில் இருக்கிறது. முழு நாவலையும் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். அந்தத் தேடலைத் தூண்டிவிடுவதுதான் நல்ல பாடத்தின் அழகு.