பாரம்பரிய வில்லுக்கு எந்த அம்பு? அலுமினியத்துக்கு ஒரு ஓட்டு

பாரம்பரிய வில் வாங்க நினைப்பவர்கள் வில்லைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். லாங்போவா ரிகர்வா, எத்தனை பவுண்டு, கைப்பிடிக்கு என்ன மரம் என்று ஒன்று விடாமல் அலசுவார்கள். அம்பு என்று வந்தால் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஒரு டஜனோடு பேச்சு முடிந்துவிடும். இது தலைகீழான கவனம். வில் சுமாராக இருந்தாலும் அம்புகள் ஒன்றுபோல் இருந்தால் குத்தும் இடங்கள் ஓரிடத்தில் கூடும். வில் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அம்புகள் ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருந்தால் கூடவே கூடாது. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கண்ணாடியிழை ஒட்டிய, 35 முதல் 50 பவுண்டு இழுவிசை உள்ள லாங்போவும் ரிகர்வும். கப்பி கிடையாது, சைட் கிடையாது, கைப்பிடிக்கு மேலே வெட்டியிருக்கும் ஷெல்ஃபிலேயே அம்பு உட்காரும். இன்று பாரம்பரிய வில் என்று விற்பதில் பெரும்பாலானவை இவைதான். இவற்றுக்கு மரம், மூங்கில், அலுமினியம், கார்பன் என நான்கு வகைத் தண்டுகள் கிடைக்கின்றன. நான்கையும் எடைபோட்டுப் பார்த்தால், யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத அலுமினியமே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

காரணம் அம்பு பறக்கும் விதத்தில் இருக்கிறது. நாணை விட்டதும் தண்டு நேராகப் பாய்வதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் முனையின் கனம் தடுக்கிறது. நடுவில் தண்டு வளைகிறது. வில்லின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் அம்பு அப்படி வளைந்து, மறுபக்கமும் வளைந்துதான் கைப்பிடியில் இடிக்காமல் கடந்து போகிறது. வில்லுக்குப் பக்கத்தில் பார்க்கிற அம்பு குறிக்கு நேரே போய்ச் சேரும் இந்த விந்தைக்கு அமெரிக்க வில்லாளி ராபர்ட் எல்மர் 1913-ல் வில்லாளியின் முரண் என்று பெயர் வைத்தார். 1930களில் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பில் அதைக் கண்ணுக்கே காட்டிவிட்டார். ஆகவே தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்த வேண்டும். இதைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எத்தனை தாழ்கிறதோ அதுதான் எண். 500 என்றால் அரை அங்குலத் தாழ்வு. எண் கூடினால் தண்டு துவளும் என்று பொருள். மரத்துக்குப் பழைய கணக்கு வேறு: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை, தாழ்வால் 26-ஐ வகுக்க வேண்டும். 0.52 அங்குலம் தாழ்ந்தால் 50 பவுண்டு ஸ்பைன். இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு அம்பு வாங்கி அவதிப்படுபவர்கள் ஏராளம். வில்லின் ஷெல்ஃப் எவ்வளவு உள்ளே வெட்டப்பட்டிருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். மையம் வரை வெட்டிய ரிகர்வ் கொஞ்சம் விறைப்பான அம்பையும் பொறுத்துக்கொள்ளும். மையத்துக்கு முன்பே நின்றுவிடும் லாங்போவில் அம்பு அதிகம் சுற்றிப் போக வேண்டும், அதற்குத் துவளும் தண்டு வேண்டும். 45 பவுண்டு வில்லுக்கு 45 பவுண்டு ஸ்பைன் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் பலிக்காது.

மரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தென்மேற்கு ஆரெகனிலும் அதை ஒட்டிய வட கலிஃபோர்னியாவிலும் வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் செடார் அம்புக்கென்றே பிறந்தது என்று சொல்லத் தோன்றும். நேரான ரேகை, கனத்துக்கு மிஞ்சிய உறுதி, முறிந்தால் மணக்கும். சிட்கா ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர், பைன், பிர்ச், ஆஷ் எல்லாமே பயன்படுகின்றன. ஆனால் மரம் வளர்ந்த பொருள், வார்த்த பொருள் அல்ல. ஒரே பலகையில் அறுத்த இரண்டு தண்டுகளின் அடர்த்தி ஒன்றாக இருக்காது. தரம் பிரிக்காத ஒரு டஜனில் கனத்த அம்புக்கும் இலேசான அம்புக்கும் 50 கிரெயின் (அம்பை எடைபோடும் அலகு) வேறுபாடு வருவது சகஜம். அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 450 கிரெயின் அம்பு வினாடிக்கு 160 அடி, அதாவது ஏறக்குறைய 49 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 18 மீட்டரைக் கடக்க 0.37 வினாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 67 செ.மீ. கீழே இழுத்துவிடும். அதே வில்லில் 500 கிரெயின் அம்பு சுமார் 4 சதவீதம் மெதுவாகப் போகும், 5 செ.மீ.க்கு மேல் கூடுதலாகத் தாழும். உள்ளரங்கில் அந்தத் தூரத்தில் வைக்கும் 40 செ.மீ. தாளில் ஒரு வளையத்தின் அகலம் 2 செ.மீ.தான். எய்தவர் கை கொஞ்சமும் பிசகாமலே இரண்டரை வளையம் போய்விட்டது. ஸ்பைன் வேறுபாடு இதோடு சேர்ந்தால் இடம் வலமாகவும் சிதறும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதில் உள்ள கொடுமை, பிழை கையிலா அம்பிலா என்று தெரியாமலே போவதுதான். தரம் பிரித்து, ஸ்பைனும் எடையும் பொருத்திய மர அம்புகள் கிடைக்கும். பிரித்துத் தந்தவரின் உழைப்புக்குத்தான் அந்த விலை, அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் டஜனில் நான்கு முறிந்தபின் அதே போன்ற நான்கைத் தேடுவது பெரும்பாடு. போர்ட் ஆர்ஃபர்ட் செடார் காடுகளை வேர் அழுகல் நோய் அரித்துவருவதால் நல்ல தண்டு வரவர அரிதாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அலுமினியத்துக்கு வருவோம். டக் ஈஸ்டன் 1922-ல் மர அம்பு செய்யும் தொழிலைத் தொடங்கியவர். மரம் ஒன்றுபோல் அமையாத சலிப்பில்தான் உலோகத்துக்குப் போனார். 1939-ல் அலுமினிய அம்பு செய்தார். 1941-ல் லாரி ஹியூஸ் அதைக் கொண்டே அமெரிக்க தேசியப் போட்டியை வென்றார். ஆக மரத்தின் குறையை மர அம்பு செய்பவரே கண்டு செய்த மாற்றுதான் இது. தண்டின் மேல் அச்சிட்ட நான்கு இலக்கத்தில் எல்லாமே இருக்கிறது: 1916 என்றால் வெளி விட்டம் 64-ல் 19 பங்கு அங்குலம், சுவரின் தடிமன் ஆயிரத்தில் 16 பங்கு அங்குலம். சுவரை அப்படியே வைத்து விட்டத்தை மட்டும் மாற்றினால் 1716, 1816, 1916, 2016 என்று படிப்படியாக விறைப்பு ஏறும், தாழ்வு 0.880, 0.756, 0.623, 0.531 அங்குலம். பாரம்பரிய வில்லுக்கு வேண்டிய எல்லைக்குள்ளேயே நான்கு படிகள்! கார்பனில் பல வகைகளில் 600, 500 என்ற இரண்டு எண்களுக்கு நடுவே தத்தளிக்க வேண்டும். எடையும் ஏறக்குறைய அமைந்துவிடுகிறது. 1916 தண்டு அங்குலத்துக்குச் சுமார் 10 கிரெயின். 29 அங்குலத் தண்டு, 125 கிரெயின் முனை, அதைத் திருகும் இன்சர்ட், நாணில் மாட்டும் நாக், இறகு எல்லாம் சேர்ந்து 450 கிரெயினைத் தொட்டுவிடும். 45 பவுண்டு வில்லுக்கு அது பவுண்டுக்கு 10 கிரெயின். பாரம்பரிய வில்காரர்கள் 8-க்குக் கீழே போகாதே, 9, 10 நல்லது என்று சொல்லிவரும் கணக்குக்குள் எந்த வித்தையும் செய்யாமலே வந்து விழுகிறது. கனத்த அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் உள்வாங்கிக்கொள்கிறது; மிச்சம் வில்லிலேயே தங்கி அதிர்வாகவும் சத்தமாகவும் வெளிப்படுவது குறைகிறது. கையில் பிடித்து எய்யும்போது இந்த வேறுபாடு காதுக்கே தெரியும்.

கார்பன் பிரியர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: கார்பன் வளைந்து நிற்காது, வளைந்தால் திரும்பும், இல்லையேல் உடையும்; வருஷக்கணக்கில் உழைக்கும் என்பார்கள். உண்மைதான். கல்லிலும் மரத்திலும் அடிபடும் 3டி (விலங்கு உருவங்களைக் குறிவைக்கும்) மைதானத்தில் அலுமினியத்தைவிடக் கார்பன் தாக்குப்பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே 29 அங்குலத்தில் 500 ஸ்பைன் கார்பன் அம்பு 385 கிரெயின் அளவில் நின்றுவிடும். கனத்துக்காகப் பித்தளை இன்சர்ட் சேர்ப்பார்கள். முன்பக்கம் கனம் ஏறியதும் தண்டு எய்யும்போது இன்னும் துவளும். அதைச் சரிக்கட்ட அடுத்த விறைப்புக்குப் போவார்கள், பிறகு நீளத்தை மாற்றுவார்கள். அனுபவசாலிக்கு இந்த விளையாட்டு பிடிக்கும்; முதல் டஜன் வாங்குகிறவருக்கு இது புதைகுழி. உடையும் விதம் இன்னும் முக்கியம். மெல்லிய கீறல் விட்ட கார்பன் தண்டு வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடுத்த எய்தலில் அது பிளந்தால் நாரெல்லாம் ஊசியாக வில் பிடித்த கையில் இறங்கும். அதனால் ஒவ்வொரு கடின மோதலுக்குப் பிறகும் தண்டைக் காதருகே பிடித்து லேசாக முறுக்கி, வளைத்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

அலுமினியம் வளைந்துவிடுமே என்பது வலுவான ஆட்சேபம். வளையும். ஆனால் அது வெளிப்படையாக வளைகிறது. கட்டை விரல் நகத்தையும் நடுவிரல் நகத்தையும் சேர்த்து ஒரு சிறு பள்ளமாக்கி, முனையை உள்ளங்கையில் ஊன்றி, தண்டை அந்தப் பள்ளத்தில் சாய்த்து நாக் பக்கம் சுழற்றிவிட வேண்டும். நேரான தண்டு வழுக்கிக்கொண்டே சுழலும். வளைந்த தண்டு நகத்தில் துடிதுடிப்பதை விரலே சொல்லிவிடும். இலேசான வளைவை உருளை வைத்த நிமிர்த்தியில் எடுத்துவிடலாம். மடிப்பு விழுந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். மரமும் வளைகிறது, அதுவும் கடலோர ஈரக் காற்றில் சும்மா வைத்திருந்தாலே வளைகிறது. தினமும் கண்ணோரமாக வைத்துப் பார்த்துக் கையால் நிமிர்த்துவது மர அம்புக்காரர்களுக்கு அன்றாடக் கடமை. மரத்தில் ரேகை தண்டின் நீளத்துக்கு ஓடாமல் சரிந்து வெளியேறும் இடத்தில் முறிவு ஒளிந்திருக்கும். நாக் பிளவை ரேகைக்குக் குறுக்காக வைத்து, விறைப்பான பக்கம் வில்லைப் பார்க்கும்படி அமைக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். இதெல்லாம் கற்கத் தக்க கலை. முதல் வருஷத்திலேயே கற்றாக வேண்டிய அவசியம் இல்லை.

மிச்சமிருப்பது மரபு என்ற வாதம். பழைய வில்லுக்கு உலோகக் குழாயா என்று முகம் சுளிப்பவர்களிடம், கண்ணாடியிழையும் எப்பாக்ஸியும் ஒட்டிய வில்லில் எந்த மரபு இருக்கிறது என்று கேட்கலாம். அது வெறும் எதிர்க்கேள்வியாக நின்றுவிடக் கூடாது. வரலாறும் இந்தப் பக்கம்தான் பேசுகிறது. ஆங்கிலேய அறிஞர் ரோஜர் ஆஸ்கம் 1545-ல் வெளியிட்ட 'டாக்சோஃபிலஸ்' நூலில் அம்புக்குப் பயன்படும் 15 மரங்களை அடுக்குகிறார். போர் அம்புக்குக் கனத்த ஆஷ்தான் சிறந்தது, இந்நாளில் ஆஸ்பனில் செய்கிறார்களே என்று ஆதங்கப்படுகிறார். அதே ஆண்டு மூழ்கி 1982-ல் தூக்கப்பட்ட, மேரி ரோஸ் என்ற ஆங்கிலேய அரசனின் போர்க்கப்பலில் கிடைத்த அம்புகளில் பெரும்பகுதி பாப்லர், அதாவது ஆஸ்பனின் குடும்பம்தான். பொருளை எப்போதும் வரத்தும் தேவையும்தான் தீர்மானித்திருக்கின்றன. நூலாசிரியர் சொன்ன மரம் ஒன்று, அரசன் கப்பலில் ஏறிய மரம் வேறு. மரக்காரர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடங்களும் உண்டு. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் லாங்போ பிரிவில் மரத் தண்டுதான் செல்லும், அங்கே விவாதமே இல்லை. ஷெல்ஃபே வெட்டாத முழுமர வில்லில் அம்பு கைப்பிடியின் மொத்த அகலத்தையும் சுற்றிப் போக வேண்டும். அதற்கேற்ப ஒவ்வொரு தண்டையும் சீவிப் பொருத்த மரமும் மூங்கிலும் இடம் கொடுக்கும், குழாய் கொடுக்காது. மூங்கில் அதற்கென்றே ஓர் உலகம். ஜப்பானிய வில்வித்தையில் யதாகே மூங்கிலும், ஷில்லாங்கில் நடக்கும் காசி மக்களின் வில் ஆட்டத்தில் மூங்கில் அம்பும் அந்தந்த வில்லோடு சேர்ந்தே வளர்ந்தவை. நம் நாட்டு இந்தியன் ரவுண்டு என்ற போட்டிப் பிரிவில் மூங்கில் வில்லோடு தொடங்கும் பிள்ளைகளுக்கு இறக்குமதி அலுமினியத்தை வாங்கச் சொல்வது அறிவீனம்.

கண்ணாடியிழை வில்தான் கையில் இருக்கிறதென்றால் டஜனாக வாங்க வேண்டாம். 45 பவுண்டு வில்லுக்கு 1816, 1916, 2016 மூன்றிலும் இரண்டிரண்டு தண்டுகளை, வெட்டாத முழு நீளத்தில் வாங்க வேண்டும். இன்சர்ட்டைச் சூட்டில் உருகும் பசையால் ஒட்டினால் சூடுகாட்டிக் கழற்றி, தண்டை முன்பக்கம் வெட்டி மறுபடி ஒட்டலாம். ஒவ்வொரு அளவிலும் ஒன்றுக்கு இறகு கட்டி, ஒன்றை மொட்டையாக விட்டு, பத்துப் பதினைந்து மீட்டரில் எய்து பார்க்க வேண்டும். ஷெல்ஃபிலிருந்து எய்வதால் பிளாஸ்டிக் வேன் உதவாது, பறவை இறகுதான். வலக்கைக்காரருக்கு மொட்டை அம்பு இறகு அம்புக்கு வலப்பக்கம் குத்தினால் தண்டு துவள்கிறது. இடப்பக்கம் குத்தினால் விறைப்பு மிகுதி. துவள்வதை அரை அரை அங்குலமாக வெட்டினால் விறைப்பு ஏறும். மிக விறைப்பான அம்பு கைப்பிடியில் மோதித் தெறித்து வலப்பக்கம் குத்தி ஏமாற்றுவதும் உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் வெட்டுவதற்கு முன் இன்னும் கனமான முனையைப் போட்டுப் பார்க்க வேண்டும். உண்மையாகவே துவள்கிற அம்பு இன்னும் வலப்பக்கம் விலகும், ஏமாற்றுகிற அம்பு மையத்துக்குத் திரும்பும். மூன்றில் எது பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு அந்த எண்ணில் மீதி டஜனை வாங்கினால் போதும். இரண்டு வருஷம் கழித்து நான்கு தொலைந்தாலும் அதே நான்கு இலக்கத்தைச் சொல்லி நான்கை வாங்கிக்கொள்ளலாம்.