கோடிட்ட இடத்துக்கு வெளியே

ஆங்கில ஆர்ட்டிகிள் பாடம் நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தில் தொடங்குகிறது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ முன்னால் 'ஆன்', மற்றவற்றுக்கு 'எ'. அடுத்தது, 'கோடிட்ட இடங்களை நிரப்புக'.

இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சீக்கிரம் மனத்தில் பதியும். பெரும்பாலான சொற்களுக்குப் பொருந்தும். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' எழுதிப் பழகிய பிள்ளைக்கு 'ஆன் ஆப்பிள்' அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் சூத்திரம் எழுத்தைப் பார்க்கச் சொல்கிறது. ஆங்கிலமோ ஒலியைக் கேட்கிறது. 'யுனிவர்சிட்டி' யகர ஒலியில் தொடங்குவதால் அதற்கு 'எ'. 'எம்' என்று உயிரொலியில் வாய் திறப்பதால் எம்.எல்.ஏ.வுக்கு 'ஆன்'. "எழுத்தைப் பார்க்காதே, வாய்விட்டுச் சொல்" என்றால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

அடுத்த குறை அத்தனை எளிதில் தீராது. ஒரு மாணவரின் நோட்டைத் திருத்தினேன். பயிற்சியில் பத்துக்குப் பத்து. அடுத்த பக்கத்தில், சொந்தமாக எழுதிய கட்டுரையில், 'மை ஃபாதர் இஸ் டிரைவர்'. அதற்குக் கீழே 'மெனி அட்வைசஸ்'. பயிற்சியில் கோடு இருக்கிறது. இங்கே ஆர்ட்டிகிள் வேண்டும் என்று அந்தக் கோடே சொல்லிவிடுகிறது. கட்டுரையில் கோடு இல்லை. வேண்டுமா, வேண்டாமா என்ற முடிவைப் பிள்ளையே எடுக்க வேண்டும். அதைத்தான் நாம் சொல்லித்தரவில்லை.

அந்த முடிவு பெயர்ச்சொல்லைப் பொறுத்தது. எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் வந்தால், ஆங்கிலத்தில் அது பொதுவாகத் தனியே நிற்காது. முன்னால் 'எ', 'தி', 'மை' என ஏதேனும் வேண்டும். பன்மைக்கு 'எ' வராது. அட்வைஸ், ஃபர்னிச்சர் போன்றவற்றுக்கு 'எ'யும் கிடையாது, பன்மை 'எஸ்'ஸும் கிடையாது. தமிழிலோ 'அப்பா டிரைவர்', 'நிறைய அறிவுரைகள்' என்பதே இயல்பான பேச்சு. பிள்ளையின் பிழை அலட்சியத்தில் வந்ததல்ல; தாய்மொழிப் பழக்கத்தில் வந்தது.

வழியும் தாய்மொழியில் இருக்கிறது. 'புத்தகம் படித்தேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தைப் படித்தேன்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிய அந்தப் புத்தகம். 'தி' உணர்த்தும் வேறுபாட்டை இங்கே நம் 'ஐ' உருபு உணர்த்திவிடுகிறது. இதை ஒரு முறை காட்டினால் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்.

ஆகவே சூத்திரம் இருக்கட்டும், இடம் மாறட்டும். எண்ண முடியுமா, ஒன்றா பலவா, கேட்பவருக்குத் தெரிந்ததா என்ற மூன்று கேள்விகள் முதலில். 'எ'யா 'ஆன்'ஆ என்பது அதற்கப்புறம் வரும் கடைசிக் கேள்வி. அதிலேயே பாடத்தைத் தொடங்கி, அதிலேயே முடித்துவிடுகிறோம்.