ஊசிக்கு ஒரு கண்

குடலிறக்க அறுவைக்காக மயக்கத்தில் உறங்குகிறது குழந்தை. இடுப்பெலும்பின் ஓரம் ஜெல் தடவி, சின்ன ஸ்கேன் கருவியை வைக்கிறார் மயக்க மருத்துவர். திரையில் சாம்பல் நிறத் தசை அடுக்குகள். உள்ளடுக்குகள் இரண்டுக்கும் நடுவே, உளுந்து வடிவில் நரம்பு. சில மில்லிமீட்டர் கீழே குடலை மூடிய சவ்வு. ஊசி வெள்ளைக் கோடாக வந்து நிற்கிறது. வலியை மரக்கச் செய்யும் மருந்து இறங்க, கறுப்புக் குளமொன்று நரம்பைச் சூழ்கிறது. என்ன நேர்த்தி!

முன்பெல்லாம் ஊசி தசையுறையைத் துளைக்கும்போது கைக்குத் தெரியும் 'டப்' என்ற உணர்வே வழிகாட்டி. 2005-இல் வெளியான வியன்னா ஆய்வில், ஸ்கேனில் பார்த்துப் போட்டபோது உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிக்குப் பதில் 0.19 மில்லி மருந்தே போதுமானதாக இருந்தது. சின்ன உடம்புக்கு அது பெரிய பாதுகாப்பு. கண்விழிக்கும் குழந்தை வலியில் வீறிடாமல் அம்மாவைத் தேடினால், அதுவே இந்தக் கைத்திறனின் வெற்றி.