பாலத்தில் நிற்பவனுக்குப் பெயரென்ன?

2001இல் ஜோஷுவா கிரீனும் சகாக்களும் ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் கேட்டார்கள்: பாலத்தில் நிற்கும் அந்நியனை டிராலி முன் தள்ளினால் ஐந்து பேர் பிழைப்பார்கள்; தள்ளலாமா? உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. அறத்தின் இருப்பிடத்தையே பிடித்தாச்சு என்கிற சொல்லாடல் அப்புறம் பெருகியது. கருவி காட்டுவதென்னவோ ரத்த ஆக்ஸிஜன் மாற்றத்தை, அதுவும் சில விநாடி பிந்தி. அது கிடக்கட்டும். அந்த அந்நியன் யாரு? பெயரில்லை, நிறமில்லை. 2009இல் எரிக் உல்மான் குழுவினர் இதே புதிரில் பலியாகிறவனுக்குப் பெயர் வைத்தார்கள்: சிலருக்குக் கறுப்பர் பெயராக டைரோன், சிலருக்கு வெள்ளையர் பெயராக சிப். பிழைப்போரின் நிறமும் எதிராக மாறியது. அமெரிக்கத் தாராளவாதிகள் சிப்பைப் பலியிடவே கூடுதலாகச் சம்மதித்தார்கள். நிறம் தெரிந்ததும் தீர்ப்பு இடம்மாறுகிறதென்றால், நிறமற்ற ஒருத்தனை வைத்து எடுத்த படத்தை மனிதகுலத்தின் அறம்னு எப்படிச் சொல்றது?