சிலையின் முன் ஓர் அளவுகோல்

புகழுரை கேட்கக் கூடிய அவையிலே தீர்ப்புரை வழங்கியவர் பிரடெரிக் டக்ளஸ். 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், வாஷிங்டன் நகரில் ஆப்ரகாம் லிங்கனுக்குச் சிலை திறந்தனர். விலங்கொடிந்த கறுப்பின மக்கள் தந்த காசில் எழுந்த சிலை அது. முதல் நன்கொடை, அடிமையாயிருந்து விடுபட்ட சார்லட் ஸ்காட் என்னும் அம்மையார் ஈந்த ஐந்து டாலர். குடியரசுத் தலைவர் கிராண்ட் வீற்றிருந்தார். பேச எழுந்த டக்ளஸ், அடிமையாய்ப் பிறந்து, தப்பியோடி, எழுத்தாலும் பேச்சாலும் உலகறிய உயர்ந்தவர். மாலை சூட்டுவார், மனமுருகுவார் என்றுதானே எவரும் நினைப்பர்? அவரோ, லிங்கன் வெள்ளையரின் தலைவர், நாம் அவருக்கு மாற்றாள் பிள்ளைகள் என்ற பொருள்படப் பேசினார்!

அரசியல் திறனாய்வுக்கு அந்தப் பேச்சினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். பெருந்தலைவர் யார், நடுத்தரத் தலைவர் யார் என்று எழுதப் புகுவோர், துணிவு, தொலைநோக்கு, நாவன்மை என்று பண்புகளை அடுக்குகின்றனர். நல்ல அடுக்குதான், நாட்டை நாசமாக்கியோரிடமும் அவை நிரம்ப இருந்தனவே! டக்ளஸ் பண்புகளை அடுக்கவில்லை. இரண்டு அளவுகோல்களை எடுத்தார். அடிமை ஒழிப்பாளரின் கண்கொண்டு நோக்கினால் லிங்கன் தாமதக்காரர், தண்ணென்றிருந்தவர். அவர் நடத்திச் செல்லவேண்டியிருந்த நாட்டின் மனநிலையோடு வைத்து நோக்கினால், விரைந்தவர், உறுதி படைத்தவர். இரண்டும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பவன் பக்தன், அன்றேல் பகைவன்.

முதல் அளவுகோலுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1858-இல் இல்லினாய் மாநிலத்துச் சார்ல்ஸ்டன் மேடையிலே, இரு இனத்தாருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் தம் நோக்கமன்று என்றார் லிங்கன். 1861 மார்ச்சில் பதவியேற்றபோது, அடிமைமுறை நிலவும் மாநிலங்களில் அதனைத் தொடும் எண்ணமில்லை என்றார். 1862 ஆகஸ்ட்டில் கறுப்பினத்தார் ஐவரை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, வெளிநாட்டில் குடியேறுவது இரு சாராருக்கும் நலம் என்று அறிவுரை கூறினார். உழைத்துத் தேய்ந்தவனைப் பார்த்து, பிறந்த மண்ணைவிட்டுப் போ என்பதா? டக்ளஸ் தம் ஏட்டிலே சீறினார். சீறியது முறையே.

இரண்டாவது அளவுகோலில்தான் எனக்கு ஓர் ஐயம். நாட்டின் மனநிலை என்றால் எவருடைய மனநிலை? அடிமைப்பட்டுக் கிடந்த ஏறத்தாழ 40 இலட்சம் பேரும் நாடல்லவா? நாடு இன்னும் பக்குவப்படவில்லை என்பது நடுத்தரத் தலைவர்களின் நிரந்தரப் புகலிடமாயிற்றே! லிங்கனுக்கு முன் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த ஜேம்ஸ் புக்கானனைப் பாருங்கள். பிரதிநிதிகள் சபையில் பத்தாண்டு, செனட்டிலும் பத்தாண்டு, ருஷ்யாவிலும் இங்கிலாந்திலும் தூதர், வெளிவிவகார அமைச்சர். பதவிப் படிக்கட்டில் அவர் மிதிக்காத படி குறைவு. லிங்கனுக்கோ பிரதிநிதிகள் சபையில் இரண்டே ஆண்டு. செனட்டுக்கு இருமுறை முயன்று இருமுறையும் தோல்வி. 1860 டிசம்பரில் தென் மாநிலங்கள் பிரியக் கிளம்பியபோது, பிரிவது சட்டப்படி செல்லாது, தடுக்கவோ எனக்கு அதிகாரமில்லை என்று அறிக்கை விடுத்தார் புக்கானன். ஏழு மாநிலங்கள் போயின. வந்தபோது கொண்டிருந்த கருத்து கசங்காமல் அவரும் வீடு போய்ச் சேர்ந்தார்.

லிங்கனுடைய சோதனை 1864 ஆகஸ்ட்டில் வந்தது. போர் நீண்டு, பிணம் குவிந்து, மக்கள் சலித்திருந்த வேளை. அடிமை விடுதலையைச் சமாதான நிபந்தனையாக வற்புறுத்தாதீர், தேர்தலில் தோற்பீர் என்று சொந்தக் கட்சியினரே நெருக்கினர். தோற்போம் என்றே அவரும் நம்பினார். நெருக்கத்துக்கு இடங்கொடுக்கும் விதத்தில் ஒரு கடிதம் எழுதிவைத்து, அதை யாரிடம் காட்டினார் தெரியுமா? தம்மை ஏட்டிலே சாடிய டக்ளசிடம்! அனுப்ப வேண்டாம் என்றார் டக்ளஸ். கடிதம் போகவில்லை. நாட்டின் மனநிலை பின்வாங்கியபோது தலைவர் பின்வாங்கவில்லை. நவம்பரில் வென்றார், 1865 ஜனவரி 31-இல் அடிமை ஒழிப்புச் சட்டத்திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஏப்ரல் 11-இல், கறுப்பினத்தாருள் கற்றோருக்கும் போர்வீரருக்குமாவது வாக்குரிமை தரலாம் என்று பேசினார். கூட்டத்திலே நின்று கேட்டவர்களுள் ஒருவன், மூன்றாம் நாள் அவரைச் சுட்டான். சமத்துவம் என் நோக்கமன்று என்ற சார்ல்ஸ்டன் பேச்சுக்கும் இந்தப் பேச்சுக்கும் இடையே ஏழாண்டுகூட இல்லை. புக்கானன் நடவாத தொலைவு அதுதான். அதிலும் ஒரு பகுதி, டக்ளஸ் போன்றோர் பிடித்துத் தள்ள நடந்தது. தள்ளுபவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளும் நெஞ்சம் புக்கானனிடம் இல்லை.

சிலை பற்றியும் ஒரு சொல். லிங்கன் நிமிர்ந்து நிற்க, விடுதலை பெற்றவன் அவர் காலடியில் மண்டியிட்டிருப்பதாக வடித்திருந்தனர். காசு கறுப்பினத்தாருடையது, கற்பனை வெள்ளையருடையது! திறப்பு விழா முடிந்த சில நாட்களில் டக்ளஸ் ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பினத்தாருக்கு வாக்குரிமை கிடைத்தது கிராண்ட் காலத்தில். அதை இந்தச் சிலை சொல்லவில்லை, எந்த ஒரு சிலையும் முழு உண்மையைச் சொல்லாது என்றார். மண்டியிட்டவனையல்ல, இரு காலில் நிற்கும் மனிதனைக் காட்டும் சிலையைச் சாகுமுன் காண விரும்புவதாகவும் எழுதினார். 1895-இல் டக்ளஸ் மறைந்தார். மறந்துபோன அந்தக் கடிதத்தைப் பழைய நாளிதழிலிருந்து ஆய்வாளர்கள் தேடியெடுத்தது 2020-இல்.