அந்த ஒரு ஸ்பேஸ்

எக்ஸ்எம்எல் ஆவணங்களை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி நிரல் எதைக் கொடுத்தாலும், அதில் இடைவெளிகளை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். டெம்ப்ளேட் யாரும் எழுதிவிடலாம். எழுதியவரின் கைப்பக்குவம் ஸ்பேஸிலும் டேபிலும் என்டரிலும்தான் தெரியும்.

1998-ல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 இந்த விஷயத்தில் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். அதற்கு மூத்த எஸ்ஜிஎம்எல்லில் எந்த வரிமுறிவு கணக்கில் சேரும், எது சேராது என்பதற்குத் தலைசுற்றும் விதிகள் இருந்தன. எக்ஸ்எம்எல்லோ, குறிகள் அல்லாத ஒவ்வோர் எழுத்தையும், ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் பார்சர் அப்படியே ஒப்படைத்துவிட வேண்டும் என்றது. விண்டோஸின் இரட்டை வரிமுறிவை ஒற்றையாக்குவது போன்ற சில்லறை வேலைகளோடு பார்சர் ஒதுங்கிக்கொள்ளும். எது கண்ணுக்கு அழகாக இருக்கப் போட்டது, எது உரையின் பகுதி என்பதை உருமாற்றுபவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த வரியைப் பாருங்கள்:

<வரி><தடிப்பு>மதுரை</தடிப்பு> <சாய்வு>மல்லி</சாய்வு></வரி>

(குறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; எக்ஸ்எம்எல் தடுப்பதில்லை.) நடுவில் இருக்கும் ஒற்றை ஸ்பேஸ் ஒரு தனி டெக்ஸ்ட் நோடு. ‘ஸ்ட்ரிப்-ஸ்பேஸ்’ கட்டளையில் நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் வழித்தெடுப்பவர் அதையும் எடுத்துவிடுவார். ‘மதுரைமல்லி’ என்று ஒட்டிக்கொண்டு வரும். தேர்ந்தவர் நட்சத்திரம் போட்ட கையோடு, ‘வரி’யைப் பெயர் சொல்லி ‘ப்ரிசர்வ்-ஸ்பேஸ்’ பட்டியலில் சேர்த்திருப்பார்.

நிரலுக்குள்ளேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. அங்கே வெறும் இடைவெளி மட்டுமே உள்ள நோடுகள் தாமாக உதிர்ந்துவிடும். ஓர் எழுத்து கூடச் சேர்ந்துவிட்டாலோ மொத்த இடைவெளியும் தங்கிவிடும். ‘விலை:’ என்று எழுதி, அடுத்த வரியில் மதிப்பை எடுத்துத் தரும் ‘வேல்யூ-ஆஃப்’ வைத்தால், விலைக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு வரிமுறிவும் நிரலின் உள்தள்ளலும் வந்து உட்காரும். ‘விலை:’யை மட்டும் ‘டெக்ஸ்ட்’ குறிக்குள் அடைத்தால் போதும். சுற்றியிருப்பது வெறும் இடைவெளியாகி உதிர்ந்துபோகும். ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த 1999-ஆம் ஆண்டு விதிநூலில் நான் அதிகம் ரசிப்பது இதைத்தான்.

ஓரத்து இடைவெளிகளை நீக்கி, நடுவில் உள்ளவற்றை ஒற்றை ஸ்பேஸாக்கும் ‘நார்மலைஸ்-ஸ்பேஸ்’ஸைக் கண்ட இடத்திலெல்லாம் தெளிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். பெயர், குறியீட்டு எண் போன்றவற்றுக்கு அது அருமையான கருவி. பத்திக்குள் துண்டு துண்டாகப் போட்டால் ஓரத்து ஸ்பேஸ்கள் போய்ச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். தவிர, ஸ்பேஸ், டேப், இரண்டு வரிமுறிவு எழுத்துகள் ஆகிய நான்கைத்தான் எக்ஸ்எம்எல் இடைவெளியாகக் கருதும். எங்கிருந்தோ ஒட்டிய உரையோடு வரும் முறியா இடைவெளியை, அதாவது யூனிகோடின் 160-ஆம் எழுத்தை, நார்மலைஸ் தொடாது. அதை முதலில் ‘ட்ரான்ஸ்லேட்’ போட்டு சாதாரண ஸ்பேஸாக்கி, பிறகு நார்மலைஸ் செய்திருக்கும் வரி கண்ணில் பட்டால், எழுதியவர் அடிபட்டுத் தேறியவர் என்று புரிந்துவிடும்.

வெளியீட்டை அழகாக அடுக்கித் தரும் ‘இன்டென்ட்’ வசதியும் இருக்கிறது. உரையும் குறியும் கலந்து வரும் ஆவணங்களுக்கு அது பெரும்பாலும் பாதுகாப்பானதல்ல என்று அதே விதிநூல் எச்சரிக்கிறது. அத்தகைய ஆவணத்துக்கு அதில் ‘நோ’ போட்டு, நெருக்கியடித்து வரும் வெளியீட்டை அப்படியே விட்டுவைப்பவரிடம் என் கோப்புகளைத் தயங்காமல் கொடுப்பேன்.