சிங்கியின் வாயை அடைத்தது யார்?

குற்றால மலையிலே சாரல். தென்காசித் தெருவெல்லாம் தென்றல். அப்படியொரு மாலையில் தோழர்கள் நால்வர் கூடித் திருக்குற்றாலக் குறவஞ்சியின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டோம். பாடியவர் பெயரும் வேண்டாம், பதித்தவர் பெயரும் வேண்டாம். குரலில் குறையில்லை, குழலும் யாழும் குழைந்தன. மலைவளம் வந்தது. வசந்தவல்லியின் பந்தாட்டம் வந்தது. நிலவைப் பழித்து அவள் நெஞ்சம் நொந்ததும் வந்தது. அடுத்து? வாழ்த்து! முடிந்தது பதிவு!

எங்கே சிங்கன்? எங்கே சிங்கி?

குறவஞ்சி என்ற பெயரே குறத்தியால் வந்த பெயர். அவளை நீக்கிவிட்டுக் குறவஞ்சி பாடுவது, மணமகளை வெளியே நிறுத்திவிட்டு மணவிழா நடத்துவது போன்றதன்றோ? இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். அந்த மலைவளத்தைப் பாடுபவளே சிங்கிதான்! "உன் மலை எது?" என்று வசந்தவல்லி கேட்க, "இது எங்கள் மலை" என்று நிமிர்ந்து நின்று அவள் கூறும் விடை அது. பதிவிலோ, யாரோ ஒரு பக்தர் அருவிக்கரையில் நின்று உருகுவதுபோல் ஒலிக்கிறது. பாட்டை எடுத்துக்கொண்டார்கள், பாடியவளை விட்டுவிட்டார்கள்.

இந்நூலை இயற்றியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே இருக்கிறது மேலகரம். மதுரையை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) இந்நூலுக்காக அவருக்கு நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் நிலைத்தது. படித்து மூடிவைக்க எழுதிய நூலன்று இது. பாட்டுகளுக்கு இராகமும் தாளமும் குறித்து, ஆடவும் பாடவும் அமைத்த இசை நாடகம். அதிலும் காதலும் நகைச்சுவையும் கைகோத்த நாடகம்.

"கோயில் சரக்குத்தானே இது? கடவுள்மேல் காதல், கைபார்த்துக் குறி, இவை பகுத்தறிவாளனுக்கு எதற்கு?" என்றார் நம்முடன் இருந்த தோழர் ஒருவர். நியாயமான கேள்வி. உலா வந்த கடவுளைக் கண்டு ஓர் இளம்பெண் உள்ளம் உடைவதும், அவள் உள்ளங்கை பார்த்து "உன் காதலன் குற்றாலநாதனே" என்று குறத்தி கூறுவதும் நம் கருத்துக்கு ஒத்தவையல்ல. ஒத்தவை என்று நாம் சொல்லவும் இல்லை. ஆனால், பதிவு செய்தவர்கள் எதை வெட்டினார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். பக்தியை வைத்துக்கொண்டார்கள். உழைக்கும் மக்களின் பேச்சையும் சிரிப்பையும் வெட்டினார்கள்!

வெட்டப்பட்ட பகுதி என்ன? சிங்கன் பறவை பிடிப்பவன். நூவன் என்னும் துணைவனோடு வருகிறான். கோயில் வயல்களில் பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. கண்ணி வைக்கிறான், பறவைகளோ தப்பிப் பறக்கின்றன. சிங்கியைக் காணாத கவலையில் கை தடுமாறுகிறது. கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். கண்டால், காலெல்லாம் நகை! ஏழைக் குறவன் நகையைக் கண்டானா? சிலம்பைப் பார்த்து விரியன் பாம்பு என்கிறான். மணி கோத்த கெச்சத்தைப் பார்த்து, செத்த தவளையை ஏன் காலில் கட்டினாய் என்கிறான். கால்விரல் அணியைப் பூச்சி என்கிறான். அவளோ அஞ்சவில்லை, அழவில்லை. இது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது, இது கண்டி நாட்டில் பெற்றது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்கிறாள். ஊர் ஊராய்ச் சென்று உழைத்து ஈட்டிய பெண். கணவன் ஐயுற்றுக் கேட்டபோதும் தலைகுனியாத பெண்! வசந்தவல்லி கடவுளை எண்ணி வாடுகிறாள். சிங்கி தன் கூலியைக் காட்டி வாயாடுகிறாள். இருவரில் எவளை மறைக்க வேண்டும்?

இதைச் சிறு குறையென்று விட்டுவிட நமக்கு மனமில்லை. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைப்படுத்தியபோது, அதில் சிக்கியவர்களுள் குறவர்களும் உண்டு. பிறந்த குழந்தைக்கும் குற்றவாளி என்று முத்திரை! இந்தியா முழுமையிலும் அச்சட்டம் ஒழிந்தது 1952-இல். ஏட்டிலே "எங்கள் மலை" என்று பாடியவள், நாட்டிலே காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டியவளானாள். அப்படிப்பட்ட மக்களுக்கு நாடகத்தில் கிடைத்த இடத்தையும் ஒலிப்பதிவில் பறிப்பதா?

1944-இல் கலாக்ஷேத்திரம் இந்நூலை நாட்டிய நாடகமாக்கி நகர மேடையில் ஏற்றியது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த இரசிகமணி டி.கே.சி., இதன் சுவையை ஊரறியச் செய்தார். அவர் நம் கொள்கைக்காரர் அல்லர். தமிழ்ப் பாட்டை வாய்விட்டுப் படித்துக் காட்டிய அவர் தொண்டை அதனால் மறந்துவிட முடியாது.

இங்கிலாந்தைப் பாருங்கள். சல்லிவன் இசையமைத்த 'ஹேடன் ஹால்' 1892-இல் இலண்டன் சவாய் அரங்கில் அரங்கேறியது. காதலனோடு ஓடிப்போகும் டாரதி வெர்னன் கதை. இடையிடையே பியூரிட்டன் மதவாதிகளை எள்ளி நகையாடும் காட்சிகள். பின்னாளில் அது பெரும்பாலோர் மறந்த நாடகமாயிற்று. 2020-இல் ஜான் ஆண்ட்ரூஸ் நடத்த, பி.பி.சி. கச்சேரி இசைக்குழுவின் ஒலிப்பதிவு வெளிவந்தது. குற்றாலக் குறவஞ்சியோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த பிள்ளை அது! அதற்கு அத்தனை அக்கறை. இங்கோ, பாதியை வெட்டிப் பட்டுத்துணியில் சுற்றி விற்கிறார்கள்.

பதிவை நிறுத்தினோம். ஏட்டை எடுத்தோம். தோழர் ஒருவர் சிங்கனாகவும், அவர் துணைவியார் சிங்கியாகவும் படித்தனர். இராகம் சரியில்லை, தாளம் தடுமாறியது. தவளை வந்த இடத்தில் அடுத்த வீட்டுக் குழந்தைகள் சன்னலருகே வந்து நின்று சிரித்தன. "கடவுள்மேல் காதல் எதற்கு?" என்று கேட்டாரே, அந்தத் தோழர், "அதை இன்னொரு முறை படியுங்கள்" என்றார்.